எது எதுக்குள்ளே இருக்கலாம்?

பாஸ்போர்ட் ஆட்டோமேஷன், புக் பேங்க், எக்ஸாம் ரெஜிஸ்ட்ரேஷன், ஸ்டாக் மெயின்டெனன்ஸ். இதுல ஒண்ணையாவது வரையாம நீங்க யூ.எம்.எல். லேபைத் தாண்டியிருக்க முடியாது. யூஸ் கேஸ், கிளாஸ், சீக்வென்ஸ் என்று வரிசையாக வரைந்து, பிரின்ட் எடுத்து, ரெக்கார்டில் ஒட்டி, கையெழுத்து வாங்கியதோடு அந்த அத்தியாயம் முடிந்திருக்கும். அந்தக் கருவியின் ஓரத்தில் மாடல் எக்ஸ்ப்ளோரர் என்று ஒரு மரம் இருக்குமே, அதை எத்தனை பேர் திறந்து பார்த்திருப்பீர்கள்? படம்தான் மாடல், அந்த மரம் ஏதோ ஃபோல்டர் லிஸ்ட் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறோம்.

உண்மை தலைகீழ். மரம்தான் மாடல். படம் என்பது அந்த மரத்தில் இருப்பவற்றில் சிலதை எடுத்துக் காட்டும் ஜன்னல், அவ்வளவுதான். அதனால்தான் இந்தக் கருவிகளில் டயகிராமில் இருந்து நீக்குவதும் மாடலில் இருந்து நீக்குவதும் வேறு வேறு கட்டளைகளாக இருக்கின்றன. முன்னதில் படம் மட்டும் போகும். பின்னதில் ஆளே காலி.

அந்த மரத்தில் எது எதுக்குள்ளே இருக்கலாம் என்று விதி எழுதுவது பற்றித்தான் இந்தக் கட்டுரை. கேட்கக் கொஞ்சம் வறட்சியாகத் தெரியலாம். எங்கள் கல்லூரி எலெக்ட்ரிக் வண்டி டீமில் ஒரு பாதுகாப்பு விஷயம் இதில்தான் மாட்டியது. அதைச் சொன்னால் உங்களுக்கும் பயன்படும்.

ஃபோல்டர் மாதிரி தெரியும், ஃபோல்டர் இல்லை

மாடலிங் கருவியில் ஒரு பொருள் இன்னொன்றுக்குள் இருப்பதைக் கன்டெய்ன்மென்ட் என்பார்கள். வெளியில் இருப்பது ஓனர். இதற்கு மூன்று சட்டங்கள் உண்டு.

ஒன்று, ஒரு பொருளுக்கு ஒரு சமயத்தில் ஒரே ஒரு ஓனர். எக்லிப்ஸின் இ.எம்.எஃப். மேல் கட்டப்பட்ட கருவிகளில், ஒரு பொருளை வேறொரு ஓனருக்குள் போட்டால் பழைய ஓனரிடமிருந்து அது தானாகவே கழன்றுவிடும். இரண்டு வீட்டில் ஒரே ரேஷன் கார்டு நடக்காது.

இரண்டு, ஓனர் இல்லாமல் இருக்க முடியாது. யூ.எம்.எல். தரத்தில் பேக்கேஜ் மாதிரி ஒரு சிலதுக்குத்தான் அநாதையாக இருக்க அனுமதி. இ.எம்.எஃப்.-ல் இதைச் சேமிக்கும் நேரத்தில் உணர்வீர்கள். மாடலில் ஏதோ ஒன்று ஓனரே இல்லாத பொருளைச் சுட்டிக்கொண்டிருந்தால், அது எந்தக் கோப்பிலும் அடங்கவில்லை என்று பிழை வரும். கோப்பும் மரமாகத்தான் எழுதப்படுகிறது. மரத்தில் இடமில்லாததை எங்கே போய் எழுதும்?

மூன்று, ஓனர் அழிந்தால் உள்ளே இருப்பதும் அழியும். முதல் இரண்டும் கணக்கு வழக்கு. நம் தூக்கத்தைக் கெடுப்பது இதுதான்.

பள்ளியில் படித்த தமிழ் இலக்கணத்தை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். ஆறாம் வேற்றுமையில் தற்கிழமை, பிறிதின்கிழமை என்று இரண்டு உண்டு. "முருகனது கை" என்றால் தற்கிழமை. பிரிக்க முடியாத உடைமை. "முருகனது வேல்" என்றால் பிறிதின்கிழமை. அவனுடையதுதான், ஆனால் அவனை விட்டுத் தனியாகவும் வேல் இருக்கும். கன்டெய்ன்மென்ட் எப்போதும் தற்கிழமை. பிறிதின்கிழமைக்குக் கருவியில் வேறு வழி இருக்கிறது: அம்புக்குறி, ரெஃபரன்ஸ், டிபென்டென்சி. அந்த மரத்தைப் பார்க்கும்போது நாமோ ஏழாம் வேற்றுமையாக வாசிக்கிறோம், "பேட்டரியில் இருக்கிறது" என்று ஏதோ ஓர் இடம் மாதிரி. கருவி அதை "பேட்டரியின் கை" என்று வாசிக்கிறது. சிக்கல் தொடங்கும் இடம் இதுதான்.

பேட்டரியோடு போன 11 தேவைகள்

எங்கள் வண்டியின் மாடல் சிஸ்எம்எல்-ல் இருக்கிறது. யூ.எம்.எல்.-ஐ மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் எல்லாம் சேர்ந்த சிஸ்டங்களுக்காக விரித்த மொழி அது, 1.0 பதிப்பு 2007-ல் வந்தது. அதில் வண்டியின் பாகம் ஒவ்வொன்றும் பிளாக். வண்டி என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்பது ரெக்வயர்மென்ட், தமிழில் தேவை என்று வைத்துக்கொள்வோம்.

எங்களுக்கு முந்தைய செட் சீனியர்கள் லெட் ஆசிட் பேட்டரியில் வண்டி செய்தவர்கள். பேட்டரி பற்றிய தேவைகளை எல்லாம் பேட்டரி பிளாக்குக்கு உள்ளேயே வைத்திருந்தார்கள். யோசித்தால் இயல்பான விஷயம்தான். பேட்டரி பற்றியது பேட்டரியிடமே இருக்கட்டும், தேடச் சுலபம். கருவியும் ஏற்றுக்கொண்டது. ஏன் ஏற்காது? சிஸ்எம்எல்-ல் பிளாக்கும் ஒரு கிளாஸ், தேவையும் ஒரு கிளாஸ். கிளாஸுக்குள் கிளாஸ் வைக்க யூ.எம்.எல். அனுமதிக்கிறது. சிஸ்எம்எல் இதில் ஒரு பக்கத்தை மட்டும் அடைத்திருக்கிறது: ஒரு தேவைக்குள் கிளாஸ் வகையில் எதையாவது வைத்தால் அதுவும் தேவையாகத்தான் இருக்கணும். தேவை எதற்குள் வாழணும் என்ற மறுபக்கத்தைத் திறந்தே விட்டிருக்கிறது.

அடுத்த செட் லித்தியம் பேக்குக்கு மாறியது. பழைய பேட்டரி பிளாக்கை மாடலில் இருந்து நீக்கினார்கள். புது பேக்குக்குப் புது பிளாக். வேலை சுத்தமாக நடந்தது. பழைய பிளாக்கோடு அதற்குள் இருந்த 11 தேவைகளும் போயின. அதில் பாதி உண்மையிலேயே லெட் ஆசிட்டுக்கு மட்டும் பொருந்துபவை, போனால் போகட்டும். ஆனால் ஒன்று இப்படி: "அவசர சுவிட்சை அழுத்தினால் பேட்டரி, மின்சுற்றில் இருந்து முழுதாகத் துண்டிக்கப்பட வேண்டும்." இது பேட்டரியின் கை கிடையாது. வண்டியில் ஆள் உட்காரும் வரை இருக்க வேண்டிய தேவை.

தேவைப் பட்டியலில் இல்லாததை யாரும் டெஸ்ட் பிளானில் சேர்க்க மாட்டார்கள். புது வயரிங்கில் அந்தச் சிவப்பு சுவிட்ச் மோட்டார் கன்ட்ரோலருக்குப் போகும் சிக்னலை மட்டும் நிறுத்தியது. மெயின் கான்டாக்டர் மூடியபடியே இருந்தது. அதாவது சுவிட்சை அழுத்தினால் மோட்டார் நிற்கும். கேபிளில் கரண்ட் இருக்கும். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி வைத்திருந்தபோது எங்கள் ஃபேக்கல்ட்டி அட்வைசர், பழைய வருட ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "இதுல ஒரு ஐசொலேஷன் பாயின்ட் இருந்துச்சேப்பா, இப்ப எங்கே?" மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தபோதுதான் எல்லாருக்கும் வேர்த்தது. ஓட்டுவதற்கு முன் தெரிந்தது நல்ல காலம்.

கருவி மேல் தப்பில்லை. மொழி என்ன சொன்னதோ அதையே செய்தது. அந்த மொழிக்கு எங்கள் வண்டியைப் பற்றித் தெரியாது. தெரியவைக்கும் வேலைதான் கன்டெய்ன்மென்ட் விதி.

நாலு கதவு

நாங்கள் பயன்படுத்துவது பப்பைரஸ். எக்லிப்ஸ் மேல் ஓடும் ஓப்பன் சோர்ஸ் கருவி, லைசென்ஸ் காசு கிடையாது, ஸ்டூடன்ட் டீமுக்கு அதுவே பெரிய வரம். அதில் ஒரு பொருள் இன்னொன்றுக்குள் நுழைவதைத் தடுக்க நாலு இடம் இருக்கிறது. இந்த நாலையும் குழப்பிக்கொள்வதால்தான் "விதி போட்டேன், வேலை செய்யலையே" என்ற புலம்பல் வருகிறது.

முதல் கதவு மெட்டாமாடல். பேராமீட்டரை நேராகப் பேக்கேஜுக்குள் வைக்க முடியாது, ஏனென்றால் யூ.எம்.எல்.-ல் அதற்கு இடமே வரையறுக்கப்படவில்லை. இது கல்லில் வெட்டியது. உங்களால் தளர்த்தவும் முடியாது, இறுக்கவும் முடியாது.

இரண்டாவது எலிமென்ட் டைப். பப்பைரஸில் எலிமென்ட் டைப் கான்ஃபிகரேஷன் என்று தனிக் கோப்பு எழுதலாம். "இருக்கிற தேவை வகையில் இருந்து பாதுகாப்புத் தேவை என்று ஒரு புது வகை, உருவாக்கும்போது இந்த ஸ்டீரியோடைப்பைப் போடு, இதன் கன்டெய்னர் இன்னது" என்று அதில் சொல்லலாம். இன்னும் நுணுக்கமாக வேண்டுமென்றால் அட்வைஸ் என்ற ஒன்றை அந்த வகையோடு இணைக்கலாம். யாராவது ஒரு பொருளை உருவாக்கவோ நகர்த்தவோ கேட்கும்போது கருவி முதலில் அட்வைஸிடம் கேட்கும். அது மறுத்தால் கட்டளை ஓடாது.

இங்கே ஒன்றை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். உருவாக்குவது ஒரு கோரிக்கை, நகர்த்துவது வேறொரு கோரிக்கை. உருவாக்கத்தை மட்டும் தடுத்தால், பேக்கேஜுக்குள் ஒழுங்காகப் பிறந்த தேவையை அடுத்த நொடியே மவுஸால் இழுத்து பேட்டரிக்குள் போட்டுவிடலாம். வாசலில் வாட்ச்மேன், பின்பக்கம் சுவரே இல்லை என்ற கதை. காப்பி பேஸ்டையும் மறக்காமல் சோதித்துப் பாருங்கள்.

மூன்றாவது மெனுவும் பேலட்டும். ரைட் கிளிக் செய்து நியூ சைல்டு போனால் வரும் பட்டியலுக்குத் தனிக் கோப்பு, டயகிராமின் பேலட்டுக்கு வேறு கோப்பு. இதில் ஒன்றை எடுத்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவே. தடை ஏதும் வந்துவிடவில்லை. மெனுவில் இருந்து எடுத்துவிட்டு "விதி போட்டாச்சு" என்று மெசேஜ் போடும் ஆள் உங்கள் டீமிலும் இருக்கலாம்.

நான்காவது வேலிடேஷன். ஓ.சி.எல். என்ற மொழியில் "தேவையின் ஓனர் பேக்கேஜாகவோ இன்னொரு தேவையாகவோ இருக்கணும்" என்று ஒரே வரியில் எழுதி புரொஃபைலில் வைத்துவிடலாம். இது யாரையும் தடுக்காது. நீங்கள் ஓடவிடும்போது தப்பைச் சுட்டிக் காட்டும். அப்புறம் எதற்கு? மாடல் கோப்பு உள்ளே வெறும் டெக்ஸ்ட். இரண்டு பேர் வேலையை கிட்டில் மெர்ஜ் செய்யும்போது எந்த மெனுவும் எந்த அட்வைஸும் குறுக்கே நிற்காது. விதி வருவதற்கு முன்பே உள்ளே புகுந்த பழைய தப்புகளையும் மற்ற மூன்று கதவும் பார்க்காது. இவற்றைப் பிடிக்கும் ஒரே ஆள் வேலிடேஷன்தான்.

வேறு கருவி என்றாலும் இதே யோசனைதான், பெயர்கள் மாறும். மேஜிக்டிரா, கேமியோ பக்கம் போனால் கஸ்டமைசேஷன் என்ற ஸ்டீரியோடைப் போட்ட கிளாஸில் பாஸிபிள் ஓனர்ஸ், சஜஸ்டட் ஓன்டு டைப்ஸ் என்று நிரப்புவீர்கள். முதலாவது, இது யாருக்குள் இருக்கலாம் என்பது. இரண்டாவது, இதற்குள் எதை உருவாக்கலாம் என்று பரிந்துரைப்பது. தடையும் பரிந்துரையும் ஒன்றில்லை என்பது அங்கேயும் உண்டு.

கோப்பைத் திறக்கும் முன் ஒரு பேப்பர்

கான்ஃபிகரேஷன் எழுதுவது ஒரு மாலை வேலை. என்ன எழுதுவது என்று முடிவு செய்ய எங்களுக்கு மூன்று வாரம் ஆனது. ஒவ்வொரு வகைக்கும் பேப்பரில் ஒரே கேள்வியைப் போட்டோம்: ஓனர் நாளைக்கே போய்விட்டால் இதுவும் போகலாமா?

பேட்டரியின் டெர்மினல்? போகலாம். அது கை. உள்ளே வைக்கலாம்.

பேட்டரி பற்றிய தேவை? போகக் கூடாது. அப்படியென்றால் அது தேவைகளின் பேக்கேஜில் வாழட்டும். பேட்டரி பிளாக்கில் இருந்து அதற்கு சேட்டிஸ்ஃபை என்ற அம்பு போகட்டும். பேட்டரியை நீக்கினால் அம்பு போகும், தேவை தனியாக நிற்கும். "என்னை இப்போ யாரும் நிறைவேற்றலை" என்று அது நிற்பதுதான் நமக்கு வேண்டியதும். ரிவ்யூவில் அது கண்ணில் படும்.

வெப்பநிலை சென்சார்? இங்கேதான் சண்டை. பேட்டரி ஆள் எனக்குள் வேண்டும் என்றான், மோட்டார் ஆள் எனக்கும் அதே சென்சார்தான் என்றான். ஒரே ஓனர்தானே இருக்க முடியும்? சென்சார் என்ற வரையறையும் அதைப் பொருத்தும் இடமும் வேறு வேறு என்பதுதான் விடை. வரையறை பொதுவான லைப்ரரி பேக்கேஜில் ஒரு முறை. பேட்டரிக்குள் அந்த வகையில் ஒரு பார்ட் பிராப்பர்ட்டி, மோட்டாருக்குள் இன்னொன்று. பேட்டரி போனால் அதில் பொருத்திய இடம் போகும், சென்சாரின் வரையறை பத்திரமாக இருக்கும். விதியும் அப்படியே எழுதப்பட்டது: பிளாக் பேக்கேஜில், பார்ட் பிளாக்கில்.

இந்த ஒரு கேள்வியை நீங்கள் டேட்டாபேஸிலும் பார்த்திருப்பீர்கள். ஃபாரின் கீயில் ஆன் டிலீட் கேஸ்கேடு போடுவதா வேண்டாமா என்று யோசிப்பீர்களே, அதே கேள்விதான்.

இறுக்கினால் பொய் சொல்வார்கள்

விதிகள் வந்த மறுமாதம் மாடலில் "டெம்ப்" என்று ஒரு துணை அமைப்பு முளைத்தது. வண்டியில் அப்படி ஒரு பாகமே கிடையாது. யார் போட்டது என்று பார்த்தால் ரெண்டாம் வருஷப் பையன். திட்டத் தோன்றவில்லை, கேட்டேன். "அண்ணா, இந்த ஹார்ன் எந்த சப்சிஸ்டம்ல வரும்னு மீட்டிங்ல இன்னும் முடிவாகலை. டூல் எங்கேயாவது வைக்கச் சொல்லுது. அதான்..."

அவன் சொன்னது சரி. ஒவ்வொரு பார்ட்டும் ஏதாவது ஒரு துணை அமைப்புக்குள் இருந்தே ஆகணும் என்பது வண்டி முடிந்த பிறகு உண்மை. பாதி வண்டியில் அது உண்மையில்லை. டிசைன் என்பதே முடிவாகாதவற்றோடு வாழ்வதுதான். முடிவாகாததற்கு இடம் தராத விதி, பொய்யான இடத்தை உருவாக்க வைக்கும். அந்தப் பொய் மாடலில் உண்மையோடு உண்மையாக உட்கார்ந்திருக்கும், வெயிட் கணக்கு போடும்போது டெம்ப்பும் ஒரு சிஸ்டமாக வந்து நிற்கும்.

அதற்கு ஒரு வழி செய்தோம். "முடிவாகாதவை" என்று ஒரு பிளாக்குக்கு அனுமதி தந்தோம், வெயிட் கணக்கில் அதைச் சேர்ப்பதில்லை. அதற்குள் எந்த பார்ட்டும் இருக்கலாம். ஆனால் ரிவ்யூவுக்கு முன் வேலிடேஷன் ஓடும்போது அங்கே இருப்பதெல்லாம் எச்சரிக்கையாக வரும். பாதுகாப்புத் தேவை வேறு எங்காவது இருந்தாலோ நேராக எர்ரர். எல்லா விதிக்கும் ஒரே கண்டிப்பு தேவையில்லை. எது போனால் ஆளுக்கு ஆபத்தோ அதைக் கதவில் தடுங்கள். எது ஒழுங்குக்காக மட்டுமோ அதைப் பிறகு சொல்லுங்கள்.

"முடியாது" என்றால் ஏன் என்று சொல்லுங்கள்

எச்.டி.எம்.எல்.-ல் ஒரு பி டேகுக்குள் டிவ் போட்டுப் பாருங்கள். பிரவுசர் எதுவும் சொல்லாமல் பி-யை அங்கேயே மூடிவிட்டு டிவ்வை வெளியே வைக்கும். அலைன்மென்ட் ஏன் உடைந்தது என்று அரை நாள் தேடுவீர்கள். விதி சரிதான், அது வாயைத் திறக்காததுதான் வலி.

மாடலிங் கருவியிலும் மறுப்பு பெரும்பாலும் மௌனமாகத்தான் வருகிறது. மெனுவில் பெயர் இருக்காது, இழுத்தால் கர்சர் தடைக் குறியாக மாறும். புதிதாக வரும் ஜூனியருக்கு அது விதி என்றே தெரியாது. "டூல் பக் அடிக்குது அண்ணா" என்பான். பிறகு சுற்றுவழி தேடுவான்.

ஆகவே ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில் இரண்டு வரி எழுதி வைக்கிறோம்: என்ன தடை, எது நடந்ததால் இந்தத் தடை. வேலிடேஷன் செய்தியில் "ஓனர் தவறு" என்று விடாமல், "பாதுகாப்புத் தேவையைப் பாகத்துக்குள் வைத்தால் பாகம் மாறும்போது அழிந்துவிடும், தேவைகள் பேக்கேஜில் வைத்து சேட்டிஸ்ஃபை அம்பு போடவும்" என்று முழுதாக எழுதியிருக்கிறோம். நீளம்தான். ஆனால் அதைப் படித்த பிறகு யாரும் சுற்றுவழி கேட்டு வரவில்லை.

உங்களுக்கு வண்டி டீம் இல்லாமல் இருக்கலாம். ஃபைனல் இயர் புராஜெக்ட் மாடல் இருக்கும், அல்லது நாளைக்கு வேலைக்குப் போகும் இடத்தில் பத்து வருடப் பழைய மாடல் ஒன்று கையில் வரும். முதல் நாளே விதி எழுத உட்காராதீர்கள். அந்த மரத்தைத் திறந்து, ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொண்டு, நடுவில் ஒரு கிளையை நீக்கிப் பாருங்கள். கூடவே என்னென்ன போகிறது என்று எண்ணுங்கள். போகக் கூடாதது ஏதாவது அந்தப் பட்டியலில் இருந்தால், உங்கள் முதல் விதி எதைப் பற்றி என்று தெரிந்துவிடும்.

எங்கள் விதிக் கோப்பு இந்த ஜூனில் அடுத்த செட்டிடம் போகிறது. இப்போதே இரண்டு விதிகளைத் தளர்த்தணும் என்று கேட்டிருக்கிறார்கள். ஒன்றுக்குச் சரி என்றோம். இன்னொன்று அந்த ஐசொலேஷன் தேவை இருக்கும் இடம். அதற்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு வரியைப் படித்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறோம்.